மூன்று மறுப்புச் சீட்டுகள்

செவ்வாய்க்கிழமை, காலை 9.10.

பட்டியலில் பெயர் இல்லை.

முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனையின் தரைத்தளம். நான்காம் எண் ஜன்னலுக்கு முன்னால் நின்ற பெண்மணி மூன்றாவது முறையாகக் கேட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த எழுத்தரும் மூன்றாவது முறையாக அதையே சொன்னார். அவருக்குச் சிடுமூஞ்சி என்று பட்டப்பெயர். அது அவருக்கும் தெரியும். அதனால் இன்னும் கொஞ்சம் சிடுசிடுப்பார்.

"பேரை எடுத்தாச்சும்மா. உங்க வீட்டுக்காரரு மூணு தடவ ஆபரேஷன் வேணாம்னு எழுதிக் குடுத்திருக்காரு. மூணு தடவ மறுத்தா பேரை அடிச்சிடணும். விதி அப்படி. புதுசா மனு போடுங்க."

"புதுசா போட்டா எப்போ கிடைக்கும்?"

"எட்டு மாசம் ஆகும்."

"இதயத்துல வால்வு சுருங்கிப் போச்சு, இந்த மாசத்தைத் தாண்டக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்களே!"

"அதை மறுக்கறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும். அடுத்த ஆளு!"

அந்த நேரம் பார்த்துத்தான் போர்வை அக்கா தள்ளுவண்டியோடு அந்த வழியாக வந்தாள். மருத்துவமனையின் துணிக்கிடங்குக்கு இருபத்திரண்டு வருடமாக அவள்தான் பொறுப்பு. படுக்கை விரிப்பு, போர்வை, தலையணை உறை, அறுவை அரங்கின் பச்சைத் துணி எல்லாம் அவள் கையைத் தாண்டித்தான் போகும், வரும். ஒரு முறை வாசலில் ஒரு ஆளை நிறுத்தி, "என்னங்க, உள்ள போறப்போ ஒல்லியா இருந்தீங்க, ஒரே மணி நேரத்துல இப்படி குண்டாயிட்டீங்க?" என்று கேட்டு, அவர் சட்டைக்குள்ளிருந்து நாலு விரிப்புகளை உருவி எடுத்தவள். அதிலிருந்து எது காணாமல் போனாலும் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

அன்றைக்குக் காலையில் அவளே கடுப்பில் இருந்தாள். வெள்ளிக்கிழமைதோறும் இதய அறுவை நடக்கும். அரங்கில் மூன்று மேசைகள். மேசைக்கு ஒரு மூட்டை வீதம், நீராவியில் வேகவைத்த துணியை மடித்துக் கட்டி, தேதி போட்ட நாடா ஒட்டி அனுப்புவாள். நாடாவை வெட்டாமல் அந்தத் துணியை எடுக்க முடியாது. போன வெள்ளிக்கிழமையும் மூன்றாம் மேசையின் மூட்டை கட்டுப் பிரிக்காமல் திரும்பி வந்திருந்தது. ஏன் என்று கேட்டால், "நோயாளி வேணாம்னுட்டாரு அக்கா" என்கிறான் அரங்கு உதவியாளன். மறுபடி பிரி, மறுபடி துவை, மறுபடி வேகவை. அவளுக்கென்ன வேறு வேலையே இல்லையா?

ஜன்னலோரம் நின்ற பெண்மணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவதைப் பார்த்ததும் வண்டி தானாக நின்றது.

"என்னாச்சும்மா?"

அவள் நடந்ததைச் சொன்னாள். சொல்லிவிட்டு, யாருக்கும் கேட்காத குரலில் இன்னொன்றும் சொன்னாள்.

"ஆபரேஷன் போனது கூடப் பரவாயில்லைங்க. முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். மூணு தடவ சாவுக்குக் கையெழுத்துப் போட்டுட்டு வந்து, என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டிருக்காரு. என்கூட இருக்கப் பிடிக்கலையா அவருக்கு?"

போர்வை அக்கா வண்டியைச் சுவரோரம் தள்ளி நிறுத்தினாள். "உங்க வீட்டுக்காரரு எங்க?" என்றாள்.

காலை 9.30.

அவர் காத்திருப்புக் கூடத்தில் பெஞ்சின் ஓரத்தில், முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். படையில் ஆறுகளுக்குக் குறுக்கே பாலம் போடும் பிரிவில் இருந்தவர். அதனால் எல்லோருக்கும் அவர் பாலத்தார். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு முறை மூச்சு வாங்கினார்.

"ஐயா, ஆபரேஷன் வேணாம்னு குடுத்த சீட்டுல இருக்கறது உங்க கையெழுத்தா?" என்று கேட்டாள் போர்வை அக்கா.

"ஆமா."

"மூணுமே?"

"மூணுமே."

"யாராவது மிரட்டினாங்களா?"

"என்னையா?" சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

"அப்போ நீங்களே வேணாம்னு சொல்லியிருக்கீங்க."

"சொல்லல."

"கையெழுத்து போட்டிருக்கீங்களே!"

"போட்டேன். வேணாம்னு சொல்லல."

"இது என்ன கூத்துங்க?" என்றாள் மனைவி. "நேத்துலேருந்து இதையேதான் சொல்றாரு. அதுக்கு மேல வாயைத் திறக்க மாட்டேங்கிறாரு."

பாலத்தார் தரையைப் பார்த்தார். "அது வேற விஷயம். நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

அப்போது கூடத்தைக் கடந்து வந்தாள் நோயாளி நல அலுவலர். அறுவைத் தேதிகளை நோயாளிகளிடம் சொல்வதும் தள்ளிவைப்பதும் அவள் வேலை. அவளை எல்லோரும் சர்க்கரை என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த மருத்துவமனையில் பெரியவர்களைப் படுக்கை எண் சொல்லிக் கூப்பிடாமல் 'அப்பா' என்று கூப்பிடும் ஒரே ஆள் அவள். அவளைக் கண்டதும் பாலத்தாரின் முகம் மலர்ந்தது.

"அந்தத் தம்பி இப்போ எப்பிடிம்மா இருக்காரு?"

சர்க்கரை ஒரு நொடி நின்றாள். "நல்லா இருக்காருப்பா" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த காகிதங்களைப் பார்த்தபடியே வேகமாகப் போய்விட்டாள்.

"யாரு தம்பி?" என்று கேட்டாள் மனைவி.

"யாரோ ஒருத்தரு. விடு."

போர்வை அக்கா அதை மனதில் முடிந்துகொண்டாள். சர்க்கரை நின்று நாலு வார்த்தை பேசாமல் போன நாளை அவள் இதுவரை பார்த்ததில்லை.

புதன்கிழமை, காலை 11.00.

முதல் சந்தேகம் யார் மேல் விழும்? சிடுமூஞ்சி மேல்தான். பெயரை அடித்த கை அவருடையது. போர்வை அக்கா நேரே அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"மறுப்புச் சீட்டு எல்லாத்தையும் காட்டுங்க சார்."

"உனக்கு எதுக்கு?"

"அஞ்சு மாசமா மூணாவது மேசைத் துணியைச் சும்மா சும்மா வேகவெச்சுக்கிட்டிருக்கேன். எத்தனை தடவன்னு எழுதி மேல அனுப்பணும்."

அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. சிடுமூஞ்சி இழுப்பறையிலிருந்து ஒரு கட்டை எடுத்து மேசை மேல் போட்டார்.

"இருபத்தொண்ணு. அத்தனையும் இதய நோயாளிங்க. ஒன்பது பேரு. நானும் முப்பது வருஷமா இந்த நாற்காலியைத் தேய்க்கிறேன், வருஷத்துக்கு ரெண்டு மூணு பேரு பயந்து பின்வாங்குவாங்க. வாரத்துக்கு ஒருத்தரு, தவறாம? கண்காணிப்பாளர்கிட்ட சொன்னேன். வர்றதைப் பதிவு பண்ணு, வியாக்கியானம் பண்ணாதேன்னுட்டாரு."

"சீட்டை உங்ககிட்ட யாரு கொண்டுவந்து குடுப்பாங்க?"

"சர்க்கரைதான். அது அவ வேலை. தங்கமான பொண்ணு, அவளைச் சந்தேகப்படாத."

சீட்டில் அச்சடித்திருந்தது ஒரே வரி: 'நோயாளி தம் சொந்த விருப்பத்தின் பேரில் அறுவையை ஒத்திவைக்கிறார்.' கீழே கையெழுத்து. மூன்று முறை ஒத்திவைத்தால் பெயர் நீக்கப்படும் என்ற விதி பின்பக்கத்தில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில்.

ஒரு சீட்டின் மேல் மட்டும் சிவப்புக் கோடு போட்டிருந்தது.

"இது என்ன?"

சிடுமூஞ்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவரு போன மாசம் தவறிட்டாரு" என்றார்.

பிற்பகல் 3.15.

இரண்டாம் மாடி, ஆண்கள் பிரிவு. போர்வை அக்கா வேறு எதற்கும் போகவில்லை. போர்வை கொடுக்கத்தான் போனாள். துவைத்தது முழுக்கக் காயாததால் வண்டியில் ஒன்று குறைந்தது. ஜன்னல் பக்கம் படுத்திருந்தவர் பீரங்கிப் படையில் இருந்தவர், இரண்டு காதும் பாதி மந்தம். அந்தச் சீட்டுகளில் இரண்டு அவருடையவை. அவருக்கும் பக்கத்துக் கட்டில்காரருக்கும் சேர்த்து ஒரே போர்வை.

"ஐயா, ஒண்ணுதான் மிச்சம் இருக்கு!" என்று கத்தினாள். "பக்கத்துல இருக்கிறவருக்குக் குளிர் ஜுரம்! உங்களுக்கு நாளைக்குக் காலையில தரட்டுமா?"

"அவருக்கே குடும்மா. இதையெல்லாம் கேக்கணுமா?" என்றவர், தலையணைக்கு அடியில் கையை விட்டுப் பேனாவை எடுத்தார். "கையெழுத்து எங்க போடணும்?"

போர்வை அக்கா பக்கத்துக் கட்டிலில் போர்வையைப் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"போர்வைக்கு எதுக்கு ஐயா கையெழுத்து?"

"விட்டுக்குடுத்தா கையெழுத்து போடணுமில்ல? அந்தப் பொண்ணு ரெண்டு தடவ வாங்கிச்சே." சொன்ன பிறகுதான் அவருக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. "ஐயையோ. வெளிய சொல்லக் கூடாதுன்னுச்சு. அந்த ஆளுக்குக் கூச்சமா இருக்குமாம்."

"எந்த ஆளுக்கு?"

"அதான்மா, நம்மளவிட மோசமா இருந்தாரே, அவருக்கு."

அடப்பாவிகளா, என்று மட்டும்தான் அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது. தன் போர்வையை, சோற்றை, படகில் தன் இடத்தை அடுத்தவனுக்குத் தள்ளிவிட்டே பழகியவர்கள் இவர்கள். கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாது. கொடுத்ததை வெளியில் சொல்லவும் தெரியாது. இது தெரிந்த யாரோ ஒருவர்தான் இவர்களிடம் கேட்டிருக்க வேண்டும்.

அவள் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டித் துணிக்கிடங்குக்கு ஓடினாள். ஐந்து மாதத்துப் பதிவேட்டைப் பிரித்தாள். இருபத்தொரு சீட்டுகளின் தேதிகளை ஒரு பக்கம் எழுதினாள். மறுபக்கம் மூன்றாம் மேசையின் மூட்டை கட்டுப் பிரிக்காமல் வந்த நாட்களை எழுதினாள். ஒன்றுகூடப் பிசகவில்லை. முதல் தேதிக்கு நேரே முந்தைய நாளில் அவள் கையெழுத்திலேயே இன்னொரு வரி இருந்தது: 'மயக்க மருந்து மருத்துவர் ஓய்வு பெறும் விழா. மேசை விரிப்பு ஆறு.'

அவள் பதிவேட்டை மூடினாள். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் தன் கணவனிடம் காரணமில்லாமல் சண்டை போட்டாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வியாழக்கிழமை, பிற்பகல் 2.00.

நாளைய அறுவைப் பட்டியல் நாலு மணிக்கு மூடப்படும். கண்காணிப்பாளர் அறையில் ஆறு பேர் இருந்தார்கள். கண்காணிப்பாளர், அறுவை மருத்துவர் அம்மா, சிடுமூஞ்சி, சர்க்கரை, பாலத்தாரின் மனைவி, போர்வை அக்கா. கதவு வரை வந்த பாலத்தாரை மட்டும் அவள் வெளியே உட்காரச் சொல்லிவிட்டாள். அவர் கேட்டால் தாங்க மாட்டார்.

"துணி விஷயமா ஏதோ பேசணும்னு சொன்னாங்க" என்றார் கண்காணிப்பாளர், கடிகாரத்தைப் பார்த்தபடி.

"ஆமா சார், துணி விஷயம்தான். டாக்டரம்மா, அஞ்சு மாசமா மூணாவது மேசை ஏன் காலியா இருக்கு?"

"மயக்க மருந்து மருத்துவர் ரெண்டு பேர்தான் இருக்காங்க. ஓய்வு பெற்றவருக்குப் பதிலா ஆள் கேட்டேன், மூணு தடவ கேட்டேன். அந்த மேசைக்கு வர வேண்டிய நோயாளியே வேணாம்னு சொல்றாங்க, காத்திருக்கிறவங்களே இல்லாதப்போ எதுக்கு ஆளுன்னு சார் சொன்னாரு. சீட்டையும் காட்டினாரு."

"சீட்டு பொய்யில்லை. கையெழுத்தும் அவங்களோடதுதான். யாரும் மிரட்டல, யாரும் போலிக் கையெழுத்து போடல. அதனாலதான் இத்தனை நாளா ஒருத்தருக்கும் சந்தேகம் வரல." போர்வை அக்கா பாலத்தாரின் மனைவி பக்கம் திரும்பினாள். "அம்மா, உங்க வீட்டுக்காரரு வேணாம்னு சொல்லவே இல்ல. அவருகிட்ட கேட்ட கேள்வியே வேற. 'அப்பா, உங்களவிட மோசமா ஒருத்தரு இருக்காரு, சின்ன வயசு. உங்க இடத்தை அவருக்குக் குடுக்கறீங்களா? வெளிய சொல்லாதீங்க, அவரு கூச்சப்படுவாரு.' இப்படிக் கேட்டா ஒரு படைவீரரு என்ன சொல்வாரு? எங்க கையெழுத்து போடணும்னுதான் கேப்பாரு. அப்படி மூணு தடவ குடுத்திருக்காரு. குடுத்ததைச் சொல்லிக் காட்டக் கூடாதுன்னு உங்ககிட்ட கூட மூச்சு விடல."

அந்த அம்மாளின் கை தன் வாய்க்குப் போனது.

"அது தவறில்லையே" என்றார் கண்காணிப்பாளர். "மோசமான நோயாளிக்கு முன்னுரிமை கொடுக்கிறது மருத்துவமனைக்கு உரிமை."

"அப்படி ஒரு நோயாளி இருந்திருந்தா, சார்." அவள் பதிவேட்டை அவர் முன்னால் விரித்தாள். "மூணாவது மேசையில ஒருத்தரைப் படுக்க வெச்சா மூட்டையைப் பிரிக்கணும். நாடாவை வெட்டணும். துணி ரத்தத்தோட எங்கிட்ட வரணும். விட்டுக்குடுத்த இடத்துல யாராவது படுத்திருந்தா துணி சொல்லும். இருபத்தொரு வெள்ளிக்கிழமை, இருபத்தொரு மூட்டை, ஒரு நாடா கூட வெட்டல. அந்தத் தம்பின்னு ஒருத்தர் பிறக்கவே இல்ல. பாலத்தாரு முந்தாநாள் கூட அந்தத் தம்பியோட நலம் விசாரிச்சாரு!"

மருத்துவர் அம்மா சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"செஞ்சது ரெண்டு பேரு" என்றாள் போர்வை அக்கா. "கேட்டது நீ, சர்க்கரை. கேக்கச் சொன்னது நீங்க, சார். முப்பது நாளைத் தாண்டினா நோயாளி பேரு மேலிடத்துப் பட்டியல்ல சிவப்பா காட்டும்னு எழுத்தர் சார்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். நோயாளியே தள்ளிவெச்சா காட்டாது. சிவப்பு இல்லாததால மேலிடம் ஆள் அனுப்பல. ஆள் இல்லாததால இன்னொருத்தரு தள்ளிவைக்கணும்."

கண்காணிப்பாளர் பதிவேட்டைத் தள்ளிவைத்தார். "நான் தேதியை மாத்தச் சொன்னேன். எப்படிக் கேக்கணும்னு நான் சொல்லல" என்றார்.

சர்க்கரைக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"டாக்டர் இல்லைன்னு சொன்னா உடைஞ்சு போவாங்கக்கா. நாட்டுக்காக எல்லாத்தையும் குடுத்தோம், எங்களை மயக்கப்படுத்த ஒரு ஆள் இல்லையான்னு முதல் பெரியவரு கேட்டாரு. எனக்குப் பதில் சொல்ல முடியல. அடுத்தவருகிட்ட இப்படிச் சொல்லிப் பாத்தேன். அவரு முகம் எப்படிப் பிரகாசமாச்சு தெரியுமா? இன்னும் நாம ஒருத்தருக்கு உதவறோம்னு... அவங்களுக்குச் சந்தோஷம்தானேன்னு நினைச்சேன். மூணு தடவ ஆனா பேரை எடுப்பாங்கன்னு சத்தியமா கடைசியிலதான் தெரிஞ்சுது. அப்போ சொல்லப் பயந்துட்டேன்."

போர்வை அக்கா திட்டத்தான் நினைத்தாள். ஆனால் சிவப்புக் கோடு போட்ட சீட்டை மட்டும் எடுத்துச் சர்க்கரையின் கையில் வைத்தாள்.

"இவருக்கும் சந்தோஷமாத்தான் இருந்திருக்கும்."

சர்க்கரை அதை வாசித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பாலத்தாரின் மனைவிதான் எழுந்து போய் அவள் தோளைத் தொட்டாள். "அழாதே. மிச்சம் எட்டு பேரு வீட்டுக்கும் நீயே போ. நீயே உன் வாயால உண்மையைச் சொல்லு. வேணும்னா நானும் கூட வரேன்." பிறகு கண்காணிப்பாளரைப் பார்த்தாள். அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

மருத்துவர் அம்மா தொலைபேசியை எடுத்தார். பக்கத்துப் பொது மருத்துவமனையிலிருந்து நாளைக்கு ஒரு மயக்க மருந்து மருத்துவரை இரவல் கேட்டார். நாலே நிமிடத்தில் சரி என்று சொல்லிவிட்டார்கள். ஐந்து மாதத்தில் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். பணியிடம் காலி என்று மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தில் கண்காணிப்பாளர் 3.20க்குக் கையெழுத்துப் போட்டார். இருபத்தொரு சீட்டுகளின் நகலும் அதோடு போக வேண்டும் என்று சிடுமூஞ்சி பிடிவாதம் பிடித்தார். போனது. கண்காணிப்பாளர் மேல் விசாரணை வந்ததும், சர்க்கரை எதையும் மறைக்காமல் சாட்சி சொன்னதும் அடுத்த மாதத்துக் கதை.

3.50க்கு ஒன்பது பேரில் உயிரோடிருந்த எட்டுப் பேரின் பெயரும் மூன்றாம் மேசைக்கு வாரம் ஒருவராகப் பட்டியலில் ஏறியது. நாளைக்கான முதல் பெயர் பாலத்தார். சிடுமூஞ்சி அதைத் தன் கையாலேயே எழுதினார்.

வெள்ளிக்கிழமை, காலை 6.40.

அரங்கத்துக்கு வெளியே தள்ளுகட்டில் நின்றது. மூன்றாம் மேசைக்கான மூட்டையை அன்றைக்குப் போர்வை அக்காவே கையில் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். எல்லாவற்றையும் பாலத்தாரிடம் முந்தின நாளே பக்குவமாகச் சொல்லியாயிற்று. அவர் கோபப்படவில்லை. "அப்போ அந்தத் தம்பி நல்லா இருக்காருன்னு நான் சந்தோஷப்பட்டதெல்லாம்?" என்று மட்டும் கேட்டாராம்.

உதவியாளன் கட்டிலைத் தள்ளப் போனான். பாலத்தார் கையை உயர்த்தினார்.

"இரு தம்பி. போர்வை அக்கா, இந்த எட்டு பேருல என்னைவிட மோசமா யாராச்சும் இருக்காங்களான்னு ஒரு தடவ பாத்துடும்மா. எனக்கு ஒரு வாரம் தாங்கும்."

போர்வை அக்காவுக்கு எங்கே முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. "ஐயா, உங்களைத் திருத்தவே முடியாதா?" என்றாள்.

மனைவி கட்டிலுக்கு அருகில் வந்தாள். கம்பியின் மேலிருந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்காங்க" என்றாள்.

"யாரு?"

"நான்தான். மூணு நாளா, இவரு என்னை விட்டுட்டுப் போக நினைச்சாரோன்னு தூங்காம கிடந்தேன். உங்க நெஞ்சைவிட மோசமா இருந்துச்சு என் நெஞ்சு. யார் யாருக்கோ விட்டுக்குடுத்தீங்களே, இந்த ஒரு தடவ எனக்கு விட்டுக்குடுங்க. உள்ள போங்க."

பாலத்தார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் விரல்களை ஒரு முறை அழுத்திவிட்டு உதவியாளன் பக்கம் திரும்பினார்.

"தள்ளுப்பா. அம்மா காத்திருக்காங்க."